வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், இதுக்கு எப்படிங்க பழகுறது?

நாலாவது_கியர்:
வணக்கம். வயசு 57. ரெண்டு கண்ணுலயும் க்ளாக்கோமா, அதாவது கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமா கெடுற நோய், சொட்டு மருந்து ஒழுங்கா போட்டுட்டு தான் வரேன். போன வாரம் பார்வைப் பரப்பு டெஸ்ட் எடுத்தாங்க. தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள தலைய விட்ட மாதிரி உக்காந்து, தாடைய தாங்கி மேல வெச்சுட்டு, நடுவுல இருக்குற புள்ளியவே பாக்கணும், சுத்தி எங்கயாவது பொட்டு வெளிச்சம் மின்னுனா கையில இருக்குற பட்டன அமுக்கணும். நான் பாட்டுக்கு அமுக்கிட்டே இருந்தேன். நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே மின்னல, மெஷின் நின்னு போச்சோன்னு கூட தோணுச்சு. வெளிய வந்து ரிப்போர்ட்ட காட்டுறாங்க, இடது பக்கமும் கீழ்ப்பக்கமும் கருகருன்னு இருக்கு. மெஷின் நிக்கவே இல்ல, எனக்கு தான் தெரியல.

டாக்டர் நல்ல மனுஷன், சுத்தி வளைக்காம சொல்லிட்டார், இனிமே ஓட்டாதீங்கன்னு. வீட்டுக்கு வந்து சொன்னா எல்லாரும் ஒரே பாட்டு, "அதான் கேப் இருக்கே, புக் பண்ணா வாசலுக்கு வருது". அது எனக்கு தெரியாதா? ராத்திரி தூக்கம் வரலைன்னா சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வருவேன், எங்க போறேன்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. அதுக்கு கேப் புக் பண்ணி எந்த இடம்னு போடுறது. முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டினவன், ஒரு கீறல் கிடையாது. இதையெல்லாம் கடந்து வந்தவங்க இருந்தா சொல்லுங்க. ஆறுதல் வேணாம், எப்படி சமாளிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க.

மழைத்துளி:
சார், எனக்கு வலிப்பு. இருபத்தெட்டு வயசுல ஆபீஸ்ல விழுந்தேன், அன்னிலேந்து சாவி போச்சு. வலிப்பு வராம இத்தனை மாசம் இருந்தா தான் திரும்ப ஓட்டலாம்னு நாட்டுக்கு நாடு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, பல இடத்துல ஆறு மாசம் இல்லன்னா ஒரு வருஷம். எனக்கு அந்த கெடு முடியப்போற நேரத்துக்கு கரெக்டா இன்னொன்னு வரும், திரும்ப முதல்லேந்து எண்ணணும். ஒரு கட்டத்துல எண்ணுறதையே விட்டுட்டேன், அப்புறம் தான் மனசு கொஞ்சம் அடங்குச்சு.

நீங்க சொன்ன "யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல", அது தான் சார் மேட்டரே. போக்குவரத்து பிரச்சினை இல்ல இது, கேக்குற பிரச்சினை. ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் மூஞ்சிய பாத்து "கொஞ்சம் விட்டுடுறியா"ன்னு கேக்கணும், அவங்க மூஞ்சில ஒரு செகண்டு ஏதோ ஓடும், நமக்கு அது மட்டும் நல்லா தெரியும். அதனால நான் என்ன பண்ணேன்னா கேக்குறதயே ஒழிச்சேன். கூட வேலை பாக்குற ஒருத்தரோட செவ்வாய் வெள்ளி அவங்க வண்டில, பெட்ரோல்ல பாதி என்னோடது, மாசம் பொறந்தா நான் கேக்காமலே போட்டு விட்டுடுவேன், அவங்களும் வேணாம்னு சொல்லக்கூடாது. மத்த நாள் பஸ். இதுல உதவிங்கிற பேச்சே கிடையாது, ஏற்பாடு. தயவு செஞ்சு "எப்ப வேணா கூப்பிடுங்க"ன்னு சொல்றவங்கள மட்டும் நம்பாதீங்க, நல்லவங்க தான், ஆனா "எப்ப வேணா"ன்னா எந்த நாளுமே இல்லன்னு தான் அர்த்தம். கிழமையும் மணியும் சொல்றவங்கள பிடிச்சுக்கோங்க.

வழிப்போக்கன்:
சார் தப்பா எடுக்காதீங்க. கீறல் இல்லாம ஓட்டின ஆளு, நேர்ப்பார்வை நல்லா தான இருக்கு? பகல்ல மட்டும், பழகின ரோட்ல, பக்கத்துல மட்டும் மெதுவா ஓட்டினா என்ன ஆயிடப்போகுது. டாக்டருங்க எப்பவும் ஒரு படி ஜாஸ்தியா தான் பயமுறுத்துவாங்க.

கண்ணாடிக்காரி:
கண் பரிசோதனை தான் என் வேலை, அதனால இதுக்கு மட்டும் கொஞ்சம் நீளமா பதில் சொல்லிடுறேன். வழிப்போக்கன், பழகின ரோடு தான் இந்த விஷயத்துல மோசம். க்ளாக்கோமால போன இடம் கண்ணுக்கு கருப்பா தெரியாது. மூளை சுத்தி இருக்குறத வெச்சு அந்த ஓட்டைய ரொப்பிடும், ரோடு மாதிரி இருந்தா ரோடு, சுவர் மாதிரி இருந்தா சுவர். 2013ல வந்த ஒரு ஆய்வுல க்ளாக்கோமா உள்ளவங்களுக்கு சில படங்கள காட்டி உங்க பார்வை எது மாதிரி இருக்குன்னு கேட்டாங்க. நடுவுல வெளிச்சமும் சுத்தி கருப்புமா குகை மாதிரி ஒரு படம் போடுவாங்கல்ல, அத ஒருத்தர் கூட தேர்ந்தெடுக்கல. மங்கலா இருக்கு, சில இடம் காணோம், இப்படி தான் சொன்னாங்க. பழகின ரோட்லயும் மூளை அப்படி தான் ரொப்பும், அங்க ஓடி வர்ற குழந்தை அந்த கணக்குல வராது. வீட்டுக்கு பக்கத்து ரோட்ல தான சார் சந்துலேந்து சைக்கிள் வரும், நின்ன வண்டிக்கு பின்னாடிலேந்து ஆளு வரும்? எல்லாமே ஓரப்பார்வை வேலை. மெதுவான்னு சொல்றீங்க, 40 கிலோமீட்டர் வேகம்னாலே ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் போயிடும்.

நாலாவது_கியர் சாருக்கு ஒண்ணு. கிளினிக்ல வழக்கமா எடுக்குறது ஒவ்வொரு கண்ணா தனியா, நடுப்பகுதிய மட்டும் பாக்குற டெஸ்ட், நோய் எவ்வளவு போயிருக்குன்னு பாக்க. ஓட்டலாமா வேணாமாங்கிறதுக்கு ரெண்டு கண்ணையும் சேத்து பண்ற எஸ்டர்மேன்னு ஒண்ணு இருக்கு, 120 புள்ளி காட்டும். ஒரு கண்ணு விட்டத இன்னொரு கண்ணு பிடிச்சா அது அதுல தெரியும். பல நாட்டு விதில கிடைமட்டமா 120 டிகிரி தெரியணும், கூர்மை சுமார் 6/12 இருக்கணும்னு வெச்சிருக்காங்க, அதாவது நல்ல கண்ணு 12 மீட்டர்லேந்து படிக்கிறத நாம 6 மீட்டர்லேந்தாவது படிக்கணும். அத எடுத்தாங்களான்னு கேளுங்க. ஓட்டை தேடுறதுக்கு சொல்லல, முடிவு முழுசா தெரிஞ்சா மனசு ஒரு பக்கமா நிக்கும்.

நாலாவது_கியர்:
எடுத்தாங்க மேடம், அதுவும் எடுத்தாங்க. ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம் போயிருக்கு, ஒண்ணு இன்னொன்ன காப்பாத்தல. நீங்க சொன்ன ரொப்புற விஷயத்த யாரும் இப்படி எனக்கு சொல்லல. நான் கருப்பா தெரியும்னு தான் காத்துட்டு இருந்தேன்.

ஹைவே_ராசா:
எல்லாரும் படிச்சவங்க போல பேசுறீங்க. நான் லாரி டிரைவர். பக்கவாதம் வந்து கை கால் தேறிடுச்சு, ஆனா ரெண்டு கண்ணுலயும் இடது பாதி காணோம். மூளைல வலது பக்கம் அடிச்சா இப்படி ஆகுமாம். உங்களுக்கு ராத்திரி ரவுண்டு போச்சு சார், எனக்கு பொழப்பு போச்சு. ஒரே நாள்ல டிரைவர் இல்லன்னா நான் யாரு? ஃபோன்ல எல்லாரும் இன்னும் "டிரைவரே"ன்னு தான் கூப்பிடுறாங்க, மொத கொஞ்ச நாள் அத கேட்டாலே கட் பண்ணிடுவேன்.

முதலாளி தான் கூப்பிட்டு யார்டுல உக்கார வெச்சார். எந்த லோடு எந்த வண்டில, எந்த ரூட்டு, எந்த பாலத்துக்கு கீழ எவ்வளவு உயரம் போகும், மழைல எது கழுத்தறுக்கும், இதெல்லாம் எனக்கு மனப்பாடம், ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வெச்சிருக்குற பையனுக்கு தெரியாது. இப்ப புதுப்பசங்க கிளம்பும்போது என்கிட்ட கேட்டுட்டு தான் கிளம்புறான். சம்பளம் கம்மி தான், பொய் சொல்லல. ஆனா ரோடு என் தலைக்குள்ள இன்னும் இருக்கு, அது போகல.

இன்னொண்ணு. கார் தான கூடாது ஸ்கூட்டர் எடுக்கலாமான்னு யாராவது கேப்பீங்க, நான் கேட்டேன். டாக்டர் சிரிச்சார். கண்ணு ரெண்டுத்துக்கும் ஒண்ணு தான.

கண்ணாடிக்காரி:
அண்ணா சொன்னது முழுக்க சரி, ஸ்கூட்டர்ல விழுந்தா சுத்தி தகரம் கூட கிடையாது.
நாலாவது_கியர் சார், உங்களுக்கு கீழ்ப்பக்கமும் போயிருக்குன்னு எழுதுனீங்க. ஓட்டுறதோட சேத்து நடக்குறதயும் கவனிங்க. கீழ்ப்பார்வை போனவங்க படியில, நடைபாதை ஓரத்துல தடுக்கி விழுறது ரொம்ப அதிகம். இறங்குற படி முழுசா கண்ணுல படுற மாதிரி தலைய குனிஞ்சு பாக்கணும், திரும்பும்போது கண்ண மட்டும் இல்லாம தலையவே திருப்பணும். பார்வைக் குறைவுக்கான மறுவாழ்வு பயிற்சியாளர்கள் இத சொல்லிக் குடுப்பாங்க, உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. காட்ராக்ட்டா, அதான் கண்புரையா இருந்தா ஆபரேஷன் பண்ணா பெரும்பாலும் திரும்ப ஓட்டலாம், க்ளாக்கோமால போனது திரும்பாது, சொட்டு மருந்து இருக்குறத காப்பாத்த தான். இனிமே தான் ஓட்டலையே, எதுக்கு மருந்துன்னு விட்டவங்கள பாத்திருக்கேன், அதனால சொல்றேன்.

மூத்தமகள்:
நான் எதிர்ப்பக்கத்துலேந்து வரேன், என்ன திட்டாதீங்க. அப்பாவுக்கு 76. மறதி நோய் ஆரம்பம்னு சொல்லிட்டாங்க. அவருக்கு அவர் நல்லா ஓட்டுறார்னு தான் நெனப்பு. போன மாசம் வழக்கமா திரும்புற இடத்துல திரும்பாம நேரா போய், எங்கயோ நின்னு எனக்கு ஃபோன் பண்ணார், அதையும் "ரோட்ட மாத்திட்டாங்க"ன்னார். சாவிய ஒளிச்சு வெக்கலாம்னு தம்பி சொல்றான். எனக்கு அது அப்பாவ ஏமாத்துற மாதிரி இருக்கு. ஒளிச்சா நாள் பூரா தேடுவார், அதையும் பாக்க முடியாது.

பின்சீட்டுக்காரன்:
ஒளிக்கலாம்மா, தப்பே இல்ல. உயிர் விஷயத்துல என்ன நேர்மை.

மழைத்துளி:
நான் ஒத்துக்க மாட்டேன். எனக்கு 28, புரிஞ்சுது, அப்பவே வீட்ல சாவிய எடுத்து பீரோல பூட்டினப்ப எனக்கு வந்த கோவம் இருக்கே. அவருக்கு ஆரம்ப நிலை தான அக்கா, இப்ப அவர்கிட்ட பேச முடியும், அடுத்த வருஷம் முடியாம போகலாம். பேச வேண்டியது நீங்க இல்ல, டாக்டர். பசங்க சொன்னா அதிகாரம், டாக்டர் சொன்னா நோய். இதுக்குன்னே ஓட்டும் திறன சோதிக்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டுங்க இருக்காங்க, பக்கத்துல உக்காந்து ரோட்டுல ஓட வெச்சு பாப்பாங்க. அதுல வர்ற ரிசல்ட் யாரோட கருத்தும் இல்லல்ல?

மூத்தமகள்:
டாக்டர் சொன்னா அப்ப தலையாட்டுவார் தம்பி, வீட்டுக்கு வந்தா டாக்டர் அப்படி சொல்லவே இல்லம்பார். சண்டை பிடிக்கிறதுக்காக இல்ல, நெஜமாவே அவருக்கு ஞாபகம் இல்ல.

ஹைவே_ராசா:
எழுதி வாங்கும்மா. டாக்டர் கையெழுத்தோட, அவர் பேர் போட்டு, பெரிய எழுத்துல ரெண்டு வரி. கேக்குறப்ப எல்லாம் அத காட்டு, வாக்குவாதம் பண்ணாத. எங்க மாமாவுக்கு அப்படி தான் பண்ணோம். அவர் காகிதத்த மதிக்கிற ஆளு, பெத்த புள்ளைய மதிக்க மாட்டார். அதோட வண்டி கண்ணுல படக்கூடாது. வாசல்ல நிக்கிற வண்டிய பாத்தா கை சாவிய தேட தான் செய்யும். உன் தம்பி வண்டிய வேலைக்கு எடுத்துட்டு போகட்டும், அவன்கிட்ட இருக்குன்னு சொன்னா அது பொய்யும் இல்ல.

கண்ணாடிக்காரி:
ஆரம்ப நிலைல சிலர் கொஞ்ச காலம் ஓட்டலாம்னு சோதனைல வரலாம், அப்படி வந்தாலும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது திரும்ப பாக்கணும். ஆனா வழி தவறி நின்னவருக்கு ரிசல்ட் வர வரைக்கும் ஓட்ட விடாதீங்க. அவர் சாப்பிடுற மாத்திரைகளையும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டுங்க. தூக்க மாத்திரை, பழைய வகை அலர்ஜி மாத்திரை இதெல்லாம் வயசானவங்களுக்கு குழப்பத்த கூட்டும். பார்க்கின்சனுக்கு குடுக்குற சில மருந்துல, பிராமிபெக்ஸோல் மாதிரி, முன்னறிவிப்பே இல்லாம தூக்கம் அடிச்சுடும்.

பின்சீட்டுக்காரன்:
இப்ப என் பங்குக்கு. எனக்கு பொறந்ததுலேந்தே கண்ணுல பிரச்சினை, லைசென்ஸ் என்ன கலர்னு கூட தெரியாது. இந்த மாதிரி பேச்சுல ஒவ்வொருத்தரும் ஓட்டாத வாழ்க்கைய ஏதோ மரண அறிவிப்பு மாதிரி பேசுறப்ப எனக்கு சிரிப்பு தான் வருது, கோச்சுக்காதீங்க. நான் வேலைக்கு போனேன், கல்யாணம் பண்ணேன், புள்ளைங்கள ஸ்கூல்ல விட்டேன். எல்லாம் அடுத்தவன் வண்டில.

ஆனா ஓட்டி பழகினவங்களுக்கு ஒண்ணு தெரியாது. நேரத்த எப்படி அடுக்குறதுன்னு. நீங்க ஒரு வேலைக்கு போவீங்க, வருவீங்க, மறந்தத வாங்க திரும்ப போவீங்க. நாங்க அப்படி பண்ண முடியாது. ஒரு பக்கம் கிளம்புனா அந்தப் பக்கத்து வேலை நாலையும் முடிச்சுட்டு தான் திரும்புவோம், பேங்க் எத்தனை மணிக்கு, டாக்டர் எத்தனை மணிக்கு, நடுவுல எங்க உக்காரலாம், எங்க பாத்ரூம் இருக்கு, எல்லாம் தலைல இருக்கும். இது கத்துக்கிற விஷயம் தான்.

அப்புறம் காசு. கேப்புக்கு குடுக்குறப்ப ஒவ்வொரு தடவையும் கைலேந்து போறதால உறுத்தும், வீணா செலவு பண்றோம்னு தோணும், தோணி தோணி வீட்லயே அடைஞ்சு கிடப்பீங்க. சொந்த வண்டி தின்னது கண்ணுக்கு தெரியாது, அவ்வளவு தான். பெட்ரோல், சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ், எல்லாத்தையும் வருஷத்துக்கு கூட்டி பன்னெண்டால வகுத்து அந்த பணத்த மாசாமாசம் தனியா ஒதுக்குங்க. அது போக்குவரத்துக்கு மட்டும். மாசக் கடைசில மிச்சம் இருந்தா நீங்க சரியா வெளிய போகலைன்னு அர்த்தம், ஏன்னு கேளுங்க.

மழைத்துளி:
இந்த கடைசி வரிய நான் எடுத்துக்கிறேன் அண்ணா. அடைஞ்சு கிடக்குறது தான் பயங்கரம். 2016ல அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கத்தோட இதழ்ல பல ஆய்வுகள சேத்து பாத்த ஒரு தொகுப்பாய்வு வந்துச்சு, ஓட்டுறத நிறுத்தின வயசானவங்களுக்கு மனச்சோர்வு அறிகுறி வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுதுன்னு. எனக்கும் வந்துச்சு, டாக்டர்கிட்ட போனேன், சரியாச்சு. நாலாவது_கியர் சார், தூக்கம் வரலைன்னு எழுதியிருந்தீங்க, அத சும்மா விடாதீங்க.

வழிப்போக்கன்:
மேடம் சொன்னத படிச்சப்புறம் என் பெரியப்பாவ ஒரு டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போகலாம்னு இருக்கேன். அவருக்கும் க்ளாக்கோமா. ஆனா ஒண்ணு கேக்குறேன், அவர் ஒத்துக்காம ஓட்டினா?

கண்ணாடிக்காரி:
ஓட்டாதீங்கன்னு எழுத்துல குடுத்ததுக்கு அப்புறம் ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காட்டி கைய விரிக்கலாம். அவருக்கு அத மட்டும் சொல்லிப் பாருங்க, கண்ணுக்கு பயப்படாதவங்க கூட காசுக்கு பயப்படுவாங்க.

நாலாவது_கியர்:
எல்லாத்தையும் படிச்சேன், ஒவ்வொருத்தருக்கா பதில் எழுதணும், முடியல. கொஞ்ச நாள் கழிச்சு தான் வரேன்.

தூக்கத்துக்கு டாக்டர பாத்தேன். ராத்திரி ரவுண்டுக்கு பதிலா இப்ப வெளிச்சம் இருக்கும்போதே நடக்குறேன், அது ரவுண்டு ஆகாது, ஆனாலும் எங்க போறேன்னு யாருக்கும் சொல்றதில்ல. பின்சீட்டுக்காரன் சொன்ன கணக்க போட்டேன், கூட்டின தொகைய பாத்து வீட்ல ரெண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரல, இவ்வளவா அந்த வண்டிக்கு அழுதோம்னு.

வண்டிய விக்கலாம்னு பையன் சொன்னான். அதுக்கு என் மனைவி, "ஏன் விக்கணும், நான் கத்துக்கிறேன்"னா. 52 வயசு. இத்தனை வருஷமா பக்கத்து சீட்ல உக்காந்து ஒரு தடவ கூட கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல. ஸ்கூல்ல சேந்தாச்சு. மொத கிளாஸ்ல நானும் கூட போனேன், பின்னாடி உக்காந்தேன். அவ கிளட்ச்ச விடுறப்ப என் இடது கால் தானா தூக்குது, முன்னாடி ஒரு பஸ் நின்னா வலது கால் சீட்டுக்கு அடியில பலகைய போட்டு மிதிக்குது. வாய மூடிட்டு தான் இருந்தேன், சத்தியமா. ஆனா "ம்ச்"சுன்னு ஒரு சத்தம் மட்டும் வந்துட்டே இருந்துருக்கு போல. சொல்லிக் குடுக்குற பொண்ணு வண்டிய ஓரங்கட்ட சொல்லிட்டு திரும்பி, "சார், நாளைலேந்து நீங்க வர வேணாம்"னுச்சு.

ஹைவே_ராசா:
அந்த பொண்ணு சரியா தான் சொல்லிருக்கு சார். நானும் என் மச்சினனுக்கு சொல்லிக் குடுக்கப் போய் ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்ல. லைசென்ஸ் வாங்குற வரைக்கும் நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க. வாங்கினப்புறம் உங்க வேலை என்னன்னா, ஓட்டுறது அவங்க, ரூட்டு நீங்க. எந்த நேரம் எந்த ரோடு, எங்க வலது பக்கம் திரும்புறது கஷ்டம், எங்க நிறுத்தினா வெளிய எடுக்க சுலபம், இத வீட்லயே முன்னாடி பேசிடணும். வண்டில ஏறினப்புறம் பேசக்கூடாது.

நாலாவது_கியர்:
சரி டிரைவரே. ரிவர்ஸ் எடுக்கவே அவளுக்கு பயமா இருக்கு, அதுக்கு ஏதாவது சொல்லுங்க.

ஹைவே_ராசா:
காலி மைதானத்துல ரெண்டு பழைய டயர நிக்க வெச்சு நடுவுல விட சொல்லுங்க. கண்ணாடிய மட்டும் பாத்து, கழுத்த திருப்பாம மொத. அப்புறம் கழுத்த திருப்பி, கண்ணாடிய பாக்காம. மூணாவது தான் ரெண்டும் சேத்து. கிளட்ச்ச பாதில பிடிச்சு ஊர விடணும், ஆக்ஸிலேட்டர் பக்கமே கால் போகக்கூடாது. டயர் கீழ விழுந்தா விழட்டும், அது திட்டாது.